மூன்று வயதுக் குழந்தைக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும்?

கேள்வி இது: கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன மழலையர் பள்ளி வரும் ஜூனில் தொடங்குகிறது. இரண்டரையிலிருந்து ஐந்து வயது வரை 24 குழந்தைகள், இரண்டு மிஸ், ஒரு ஆயா. வயதுக்கேற்ற டைம்டேபிள் எப்படிப் போடுவது? மாதத் தேர்வு வேண்டும் என்று பெற்றோர் இப்போதே கேட்கிறார்கள். தேர்வு இல்லாமல் குழந்தையின் வளர்ச்சியை எப்படி மதிப்பிடுவது?

நீங்கள் இதை இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளோடு இருந்துவிட்ட எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. நாளைச் சரியாக அமைத்துவிட்டால் மதிப்பீட்டுக்கென்று தனி நேரம் தேடவேண்டியதில்லை. எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் நாளை அமைப்போம்.

நான் வேலை பழகிய பள்ளியில் ப்ரீகேஜியில் ஒரு பையன் இருந்தான். தினமும் பதினொரு மணி வாக்கில் தரையில் விழுந்து அழுவான். பொம்மை கொடுத்தாலும் அழுகை, தூக்கினாலும் அழுகை. ‘பிடிவாதக்காரன்’ என்று பதிவேட்டில் எழுதி வைத்தோம். இரண்டு மாதம் கழித்து வேன் டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னார்: “அவன் முதல் ட்ரிப்பு மிஸ், ஏழு மணிக்கே ஏத்திருவேன்.” அப்படியென்றால் அவன் சாப்பிட்டது ஆறரை மணிக்கு, அதுவும் தூக்கக் கலக்கத்தில் அரை இட்லி. எங்கள் டிபன் நேரமோ பதினொன்றரை. டிபனைப் பத்தேகாலுக்கு மாற்றினோம், அந்த வாரமே அழுகை நின்றது. பதிவேட்டில் இருந்த அந்த வார்த்தையைத்தான் அழிக்க முடியவில்லை, பேனாவில் எழுதியிருந்தோம்.

ஆகவே கட்டம் போடுவதற்கு முன்னால் 24 வீட்டிலும் நான்கு விஷயம் கேளுங்கள். குழந்தை எத்தனை மணிக்கு எழும், காலையில் என்ன சாப்பிடும், மதியம் தூங்குமா, ஒன்றுக்கு வந்தால் வீட்டில் என்ன வார்த்தை சொல்லும். கடைசிக் கேள்வி சிரிப்பாக இருக்கும். ஆனால் ‘உச்சா’ என்று பழகிய குழந்தை ‘மூச்சா’ என்று மட்டுமே தெரிந்த மிஸ்ஸிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஜட்டியை நனைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு பதிலும் கைக்கு வந்தால் உங்கள் டைம்டேபிளில் பாதி தானாக எழுதப்பட்டுவிடும்.

மீதிப் பாதியை வெயில் எழுதும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி அட்டவணைகள் பலவும் குளிர் நாட்டுக்காரர்கள் போட்டவை. வெளிவிளையாட்டைப் பதினோரு மணிக்கு வைத்திருப்பார்கள், வெயில் கொஞ்சம் ஏறட்டும் என்று. உங்கள் ஊர்க் கரிசல் மண்ணில் ஜூன் மாதம் பதினோரு மணிக்கு யார் நிற்பது? வெளிவிளையாட்டை முதல் வேலையாக வையுங்கள். ஒன்பது மணிக்கு வந்து சேரும் குழந்தை பையை வைத்துவிட்டு நேரே முற்றத்துக்குப் போகட்டும். வேன் முன்னே பின்னே வரும் பிரச்சினையும் இதில் தீர்ந்துவிடும், யாரும் யாருக்காகவும் வரிசையில் நிற்கவேண்டாம். அம்மாவைப் பார்த்து அழும் பிள்ளைக்கு வகுப்பறைக் கதவைவிட மண் குவியல் நல்ல வரவேற்பு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கும் நினைவில் இருக்கட்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாடவேண்டும். திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அந்த ஒரு மணி நேரத்தை வீடே தாண்டிவிடும். ஸ்மார்ட் கிளாஸ் விற்க ஆள் வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒன்பதே முக்காலுக்கு எல்லோரும் உள்ளே வந்து வட்டமாக உட்காரலாம். இங்கேதான் வயது வித்தியாசம் முகத்தில் அடிக்கும். மூன்று வயதுக்காரர் எட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்தால் பெரிது. ஐந்து வயதுக்காரர் நல்ல கதையென்றால் இருபது நிமிடம் அசையமாட்டார். ஆக, பாட்டு, வருகை, ‘இன்றைக்கு என்ன கிழமை, யார் வரவில்லை’ என்று பத்து நிமிடத்தில் முடித்து, சின்னவர்களை ஒரு மிஸ் விளையாட்டு மூலைகளுக்குக் கூட்டிப்போகட்டும். பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் பேசட்டும். எல்லோரையும் அரை மணி நேரம் உட்கார வைத்தால் அதில் இருபது நிமிடம் ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்பதிலேயே போய்விடும்.

பத்தேகாலுக்குக் கை கழுவுதல், டிபன். முழுசாக அரை மணி நேரம் கொடுங்கள். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கத் திணறும் குழந்தைக்கு ஆயா ஓடிவந்து திறந்துவிடக் கூடாது, ஒரு நிமிடம் பொறுக்கவேண்டும். மூடியைத் திறக்கும் அந்த விரல்கள்தான் இரண்டு வருடம் கழித்துப் பென்சில் பிடிக்கும்.

பத்தே முக்காலிலிருந்து பதினொன்றரை வரை நாளின் நடுநாயகமான நேரம்: மூலை விளையாட்டு. கட்டைகள் ஒரு மூலை, சமையல் சாமான் ஒரு மூலை, படப் புத்தகம் ஒரு மூலை, நிழலில் மண் தொட்டியும் தண்ணீர் டப்பும். எங்கே போவது என்று குழந்தையே முடிவு செய்யும். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு மிஸ் ஐந்தைந்து பேராகக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுக்கலாம். பெரியவர்களுக்குப் புள்ளிக் கோலம், சின்னவர்களுக்குக் களிமண் உருட்டல். பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போடுவதைவிட நல்ல கணக்குப் பாடம் நான் பார்த்ததில்லை. ஒரு எச்சரிக்கை, மூன்றரை வயதுக்குக் கீழே புளியங்கொட்டை வேண்டவே வேண்டாம். மூக்குக்குள் போகும். அந்த வயதுக்குத் தேங்காய்ச் சிரட்டையும் பெரிய மூடிகளும் போதும்.

அப்புறம் கதை, பன்னிரண்டே காலுக்குச் சாப்பாடு. மூன்றரை வயதுக்குக் கீழே உள்ளவர்கள் முதல் மூன்று மாதமாவது சாப்பிட்டதும் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. தங்கும் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் பாய். இந்த வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கம் தேவை. டிவி ஓடும் வீட்டில் இரவு பத்து மணிக்குப் படுக்கும் குழந்தைக்கு அது எங்கே கிடைக்கும்? தூக்கம் வராத ஐந்து வயதுக்காரரைக் கண்ணை மூடு என்று மிரட்டாதீர்கள். பாயிலேயே ஒரு படப் புத்தகம். மதியத்துக்குப் பிறகு புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முயலவேண்டாம். பாட்டு, வரைதல், நிழல் விளையாட்டு, வீடு.

‘கல்லா மண்ணா’ மாதிரி விளையாட்டை வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது பெரிய பிள்ளைகளுக்கு வையுங்கள். விதியை நினைவில் வைப்பது, ஓடவேண்டும் போலிருந்தும் நிற்பது, சட்டென்று மாற்றிக்கொள்வது எல்லாம் அதற்குள் இருக்கிறது. இதையே பெரிய பெயர் வைத்துப் பயிற்சிப் பட்டறையில் சொல்லித் தருகிறார்கள்.

பெரும்பாலான பள்ளிகள் நாளைத் தொலைப்பது பாட நேரத்தில் இல்லை, இடை நேரத்தில். ஒரு பள்ளியில் பின்னால் உட்கார்ந்து கடிகாரத்தோடு குறித்தேன். ஒரே குழாய், 22 பிள்ளைகள், வரிசை. முதல் பிள்ளை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து மூடியைத் தட்டிக்கொண்டிருக்க, கடைசிப் பிள்ளை முன்னால் நிற்பவன் தலைமுடியை இழுத்துக்கொண்டிருக்கிறான். கழிப்பறைக்கும் அதே வரிசை, வெளியே போவதற்கும் அதே வரிசை. மூன்றரை மணி நேரப் பள்ளியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்பதிலேயே போயிற்று. சண்டையும் கடியும் நடந்தது முழுக்க அந்த நேரத்தில்தான். மருந்து எளிது: நாலு நாலு பேராக அனுப்புங்கள், மீதிப் பேர் பாடிக்கொண்டிருக்கட்டும். குழாய் ஒன்றுதான் என்றால் இன்னொரு பக்கம் வாளியும் செம்புமாக ஆயா. இப்படிச் செய்ய ஆள் வேண்டும் என்பதும் உண்மை. 2013 தேசியக் கொள்கையை ஒட்டி வந்த தர அளவுகள் மூன்று வயதுக்கு மேல் 20 பிள்ளைகளுக்கு ஒருவர், கீழே என்றால் 10 பிள்ளைகளுக்கு ஒருவர் என்கின்றன. உங்களிடம் மூன்று பேர் இருப்பதாகத் தோன்றும். ஆயா கழிப்பறைப் பக்கம் போனதும் இரண்டு பேர்தான், அந்தக் கணக்கில் திட்டமிடுங்கள்.

டைம்டேபிளை மிஸ் மேஜைக்கு மேல் ஒட்டினால் மிஸ்ஸுக்குத்தான் தெரியும். ஒரு கயிறு கட்டி முற்றம், வட்டம், டிபன், மூலை, கதை, சாப்பாடு, பாய், வீடு என்று எட்டுப் படம் தொங்கவிடுங்கள், குழந்தைகள் கண் உயரத்தில். ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு குழந்தை துணி க்ளிப்பை அடுத்த படத்துக்கு நகர்த்தும். ‘அம்மா எப்போ வருவா’ என்று அழும் பிள்ளைக்கு ‘பன்னிரண்டரைக்கு’ என்ற பதில் ஒன்றும் சொல்வதில்லை. ‘இன்னும் ரெண்டு க்ளிப்பு’ என்பது புரியும்.

முதல் நான்கு வாரத்துக்கு இவ்வளவும் வேண்டாம். 2024-இல் மத்திய அரசு வெளியிட்ட ‘ஆதார்ஷிலா’ என்ற மூன்று முதல் ஆறு வயதுப் பாடத்திட்டமும் தொடக்க வாரங்களை வீட்டிலிருந்து மையத்துக்குப் பழகுவதற்கென்றே ஒதுக்குகிறது. விளையாட்டு, டிபன், கதை, வீடு. பழக்கம் வந்தபின் மற்றவை. பக்கத்து அங்கன்வாடிக்கும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் அவர்களிடம் வயதுவாரியாகச் செயல்பாட்டுப் புத்தகமும் மதிப்பீட்டு அட்டையும் உண்டு. கட்டணம் வாங்கும் பள்ளிகள் பலவற்றில் இருப்பதைவிட நிதானமானது அது.

சரி, மதிப்பீடு. 2022-இல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, இந்த வயதுக்குத் தேர்வு பொருந்தாது என்று நேராகவே சொல்லிவிட்டது. உற்று நோக்கலும் குழந்தை செய்த பொருள்களுமே சான்று. பெற்றோரிடம் பேசும்போது உங்களுக்கு இது உதவும். ஆனால் கட்டமைப்பு சொல்வதால் மட்டும் அல்ல, தேர்வு பொய் சொல்லும் என்பதாலும்தான் நான் வேண்டாம் என்கிறேன். எல்கேஜியில் ஒரு சிறுமி, ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சுவிடாமல் சொல்வாள். தாத்தா சொல்லிக்கொடுத்தது, வாய்மொழித் தேர்வில் முழு மதிப்பெண். ஒரு நாள் டிபனுக்கு ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “எல்லாருக்கும் தட்டு எடுத்துட்டு வாம்மா” என்றேன். கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள், மூன்று மிஞ்சியது. அடுத்த நாள் நான்கு கொண்டு வந்து, போதாமல் மறுபடி ஓடினாள். ‘நூறு’ அவளுக்குப் பாட்டாக இருந்தது, எண்ணாக இல்லை. தினமும் தட்டு எடுக்கும் வேலையை அவளிடமே விட்டோம். மூன்றாவது வாரம் கதவருகே நின்று ஒவ்வொரு தலையாக விரலை நீட்டி எண்ணினாள், சரியாக ஐந்து தட்டோடு வந்தாள். அன்றைக்கு ஐந்து பேர்தான்.

நாளும் மதிப்பீடும் ஒன்றே என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். மூலை விளையாட்டு நேரத்தில் 24 பேரும் தங்கள் தங்கள் வேலையில் இருக்கும்போதுதான் மிஸ்ஸின் கை காலியாகும். அப்போது ஒரு சின்ன நோட்டை எடுத்து ஒரு நாளைக்கு மூன்றே குழந்தைகளைப் பாருங்கள். எட்டு வேலை நாளில் 24 பேரும் முடிந்துவிடுவார்கள், மாதத்தில் ஒவ்வொருவரும் இரண்டு தடவைக்கு மேல் நோட்டில் வருவார்கள். எழுதுவது எப்படி என்பதில்தான் விஷயம். ‘இன்று நன்றாக விளையாடினாள், சமர்த்து’ என்பது எதற்கும் உதவாத குறிப்பு. உதவும் குறிப்பு இப்படி இருக்கும்:

‘ஜூலை 8, 10.55. மண் தொட்டி. சிரட்டையில் ஈர மண்ணை அடைத்துக் கவிழ்த்தாள், உடைந்தது. “மிஸ், இன்னும் கொஞ்சூண்டு தண்ணி.” மறுபடி கவிழ்த்தாள், நின்றது. பக்கத்திலிருந்தவனிடம் “தட்டாதடா, மெதுவா தூக்கு.” ஏழு இட்லி. எத்தனை என்று கேட்டதற்கு “நெறைய”.’

ஐந்து வரிதான். உடல், உணர்வும் உறவும், அறிவு, மொழி, கலை என்று அந்தக் கட்டமைப்பு பிரிக்கும் ஐந்தில் நான்குக்கு இதில் தகவல் இருக்கிறது. மணிக்கட்டுப் பலம் தெரிகிறது, தவறிலிருந்து திருத்திக்கொள்வது தெரிகிறது, இன்னொருவனுக்குச் சொல்லித்தரும் மொழி தெரிகிறது, எண்ணிக்கை இன்னும் வரவில்லை என்பதும் தெரிகிறது. நாளைக்கு மண் தொட்டி பக்கத்தில் ஐந்து தட்டு வையுங்கள், இட்லியைத் தட்டுக்கு ஒன்றாகப் பரிமாறட்டும். மதிப்பீடு அங்கேயே முடிந்து அடுத்த நாள் திட்டம் ஆகிவிட்டது. ‘கெட்டிக்காரி’, ‘மந்தம்’, ‘பிடிவாதம்’ போன்ற சொற்கள் நோட்டுக்குள் வரக்கூடாது. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும்.

கூடவே ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டைக் கோப்பு. ஜூன், அக்டோபர், பிப்ரவரி மூன்று மாதமும் ஒரே வேலை: ‘உன்னை வரை.’ பின்பக்கம் தேதியும், படத்தைப் பற்றிக் குழந்தை சொன்னதும் அப்படியே. மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த மதிப்பெண்ணும் தேவைப்படாது. ஜூனில் சுருள் சுருளாகக் கிறுக்கல், அக்டோபரில் தலையிலிருந்தே முளைத்த இரண்டு கால், பிப்ரவரியில் வயிறும் தொப்புளும் வந்திருக்கும்.

எழுத்தைப் பற்றிக் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் கேட்பார்கள். பார்த்து வரையும் திறன் பொதுவாக மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, நான்கரை ஐந்தில் சதுரம், அதற்குப் பிறகு முக்கோணம் என்று வரும். சில மாதம் முன்னே பின்னே இருக்கும். மணிக்கட்டின் சின்ன எலும்புகள் சில நான்கிலிருந்து ஆறு வயதுக்குள்தான் உருவாகத் தொடங்குகின்றன. சதுரமே வராத கையில் ‘அ’ எழுதச் சொன்னால்? சுழி, வளைவு, கோடு எல்லாம் சேர்ந்த எழுத்து அது. யூகேஜி வயதில் தொடங்குங்கள், அப்போதும் ட, ப, ம என்று கட்டம் கட்டமான எழுத்திலிருந்து. விஜயதசமிக்கு நெல்லில் விரல் பிடித்து ‘அ’ எழுதுவது நல்ல சடங்கு. அதைச் சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள், மறுநாளே நாலு கோடு நோட்டு வாங்கச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் கவனமாகச் சொல்லவேண்டும். வளர்ச்சியைப் பார்ப்பது வேறு, ஏதாவது தடங்கல் இருக்கிறதா என்று சலித்துப் பார்ப்பது வேறு. இரண்டு வயது தாண்டியும் ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, மூன்று வயதுப் பேச்சு வீட்டார் தவிர யாருக்கும் புரியவில்லை, எந்த வயதிலாவது வந்த பேச்சு போய்விட்டது என்றால் ‘பையனுக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்’ என்று காத்திருக்கக்கூடாது. முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்பது மந்தமாக இருக்கலாம், அது சரிசெய்யக்கூடியது. இப்படிச் சலித்துப் பார்க்கத் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான அட்டவணை எளிமையானது, குழந்தை மருத்துவர்களுக்குத் தெரியும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை போகும். உங்களுடையது தனியார் பள்ளி, அவர்கள் வரமாட்டார்கள். ஆனால் மாவட்ட அரசு மருத்துவமனையில் டிஇஐசி, அதாவது வளர்ச்சித் தடங்கலை ஆரம்பத்திலேயே பார்க்கும் மையம், எங்கே என்று கேட்டால் பெற்றோரே கூட்டிப்போகலாம். நீங்கள் மட்டும் எந்த நோயின் பெயரையும் வாயில் எடுக்கக்கூடாது. தேதி போட்ட ஐந்தாறு குறிப்பைக் கையில் கொடுத்து, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், அவ்வளவுதான். ஒரு மிஸ் அரைகுறையாகச் சொன்ன ஒரு பெயரால் மாமியார் வீட்டில் ஒரு தாய் பட்ட பாட்டை நான் அறிவேன்.

கடைசியாக, ரேங்க் கார்டு கேட்கும் பெற்றோர். வாதாடாதீர்கள், அவர்கள் பணம் கட்டுகிறார்கள், ஏதாவது பார்க்கவேண்டும். வருடம் மூன்று முறை, வீட்டுக்குப் பத்து நிமிடம், தனித்தனியாகக் கூப்பிடுங்கள். கூட்டமாக வேண்டாம், கூட்டத்தில் ஒரு அம்மா இன்னொரு பிள்ளையின் கோப்பைத்தான் பார்ப்பார். கோப்பைத் திறந்து அதுவரை சேர்ந்த படங்களைக் காட்டி, இரண்டு குறிப்பை வாசித்துக் காட்டுங்கள். எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றால் ஒரு பக்கக் கடிதம்: தானாகச் செய்வது, கொஞ்சம் கைகொடுத்தால் செய்வது, இன்னும் தொடங்காதது. ஏ, பி, சி கிடையாது. நம்பாதவர்களை ஒரு நாள் பத்தே முக்காலுக்கு வரச்சொல்லி மூலையில் உட்கார வையுங்கள். அந்த எல்கேஜி சிறுமியின் தாத்தாவும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார். பேத்தி தலை எண்ணித் தட்டு எடுக்க வந்தபோது, “என்னைய விட்டுட்டியே” என்றார். அவள் திரும்பிப் போய் ஒரு தட்டு எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

நோட்டு சின்னதாக, இடுப்பில் செருகும் அளவில் இருக்கட்டும். எழுதுவது பென்சிலில். ஆகஸ்ட் வாக்கில் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று ஒரு வரி சொல்லுங்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் க்ளிப்பைக் காலையிலேயே கடைசிப் படத்துக்கு நகர்த்தும் ஆள் ஒருத்தர் கண்டிப்பாக இருப்பார், அவர் பெயரை நோட்டில் குறித்திருப்பீர்கள்.